கேனில் வந்த கடல்

குழாயில் தண்ணீர் வந்து நாளாகிவிட்டது. இன்று வரும், நாளை வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வந்தால் பிடித்து வைக்கப் பாத்திரம் போதாதென்று ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் கவிழ்ந்து கிடந்ததையெல்லாம் இறக்கினேன். நீங்கள் இருந்திருந்தால் இந்த வயதில் ஸ்டூல் ஏறுவதா என்று கத்தியிருப்பீர்கள். அண்டாவுக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கேன் இருந்தது. பிடி அறுந்துவிடக் கூடாதென்று நீங்கள் சுற்றிய மோட்டார் செம்புக் கம்பி இன்னும் அப்படியே இருக்கிறது. மூடியைத் திருகி மோந்து பார்த்தேன். பழைய பிளாஸ்டிக் வாடைதான், வேறொன்றுமில்லை. ஆனாலும் எனக்கு உப்பு வாடை அடித்தது. கேனை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களிடம் நேராகப் பேசுவது எனக்குப் பிறவியிலேயே வந்த பழக்கமல்ல. வெள்ளகோவிலிலிருந்து உங்கள் பீளமேட்டு வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்தே அங்கே ஒரு சட்டம் இருந்தது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளக் கூடாது. "காப்பி குடுக்கச் சொல்லுங்கம்மா" என்று உங்கள் அம்மாவிடம் சொல்வீர்கள். நான் கைக்கெட்டும் தூரத்தில் அடுப்படியில்தான் நிற்பேன். பூங்கொடி பிறந்து பேச ஆரம்பித்ததும் தூது போகும் வேலை அவளுக்கு வந்தது. "கண்ணு, ரசத்துல உப்பு இல்லைன்னு அம்மாகிட்டச் சொல்லு" என்பீர்கள். அவள் நமக்கு நடுவில் வந்து நின்று, "அம்மா, ரசம் நல்லா இருக்குதாமுங்க. துளி உப்பு மட்டும் வேணுமாமுங்க" என்பாள். நீங்கள் சொல்லாத நல்ல வார்த்தையெல்லாம் அந்தக் குழந்தை தன் கையிலிருந்து போட்டுச் சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் குடித்தனம் நடத்தினேன்.

நமக்கென்று ஓர் அறை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பகலெல்லாம் பேசாத வாய் கதவைச் சாத்தியதும் திறந்துகொள்ளுமா என்ன? மோட்டார் வார்னிஷ் வாடையோடு பட்டறையிலிருந்து வருவீர்கள். தலை சாய்த்ததும் குறட்டை. நமக்குள் சண்டை என்றும் ஒன்றுமில்லை. சண்டை போடவும் பேசத் தெரிந்திருக்க வேண்டுமே.

அந்த வருஷம் ஜூன் மாதம் பூங்கொடியை ஈரோட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் ஆறாவது சேர்ப்பதாக முடிவாகியிருந்தது. வீட்டில் எல்லாரும் அவள் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். என் பயம் வேறு. அவளும் போய்விட்டால் உங்களுக்கும் எனக்கும் நடுவில் யார் இருப்பார்கள்? ஒரே கூரைக்குக் கீழே ஒரு வார்த்தை இல்லாமல் மீதி ஆயுசையும் ஓட்டிவிடப் போகிறோம் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் கப்பல் வந்தது. நீங்கள் விற்ற பம்ப்செட் கம்பெனிக்காரர்கள், நிறைய மோட்டார் விற்ற டீலர்களைக் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நம் சொந்தபந்தத்தில் கப்பல் ஏறினவர் அதுவரை ஒருவருமில்லை. "போறவன் போயிட்டு வரட்டும். இவ எதுக்கு?" என்று அத்தை கேட்டார்கள். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "குடும்பத்தோடதான் வரோணும்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்கம்மா" என்றீர்கள். அது பச்சைப் பொய் என்று எனக்குக் கப்பலில்தான் தெரிந்தது. தனியாக வந்த டீலர்கள் எத்தனையோ பேர் அங்கே சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்புட்டு, முறுக்கு, எலுமிச்சம்பழம் எல்லாம் கட்டினேன். நீங்கள் இந்தக் கேன் நிறையச் சிறுவாணித் தண்ணீர் பிடித்தீர்கள். கோயமுத்தூர்க்காரருக்கு வேறு ஊர்த் தண்ணீர் என்றாலே முகம் சுளிக்குமே. கொச்சித் துறைமுகத்தில் எல்லாரும் பெட்டியோடு நிற்க, நாம் மட்டும் கடலுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். அங்கே உயரமாக ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. ஏதோ மில்லின் சுவராக்கும் என்று நினைத்து, கப்பல் எங்கே என்று எட்டி எட்டிப் பார்த்தேன். சுவர் மெல்ல அசைந்தது. அதுதான் கப்பல். இரும்பு இவ்வளவு பெரிதாக இருக்குமா, இருந்தும் மிதக்குமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கரை கண்ணை விட்டு மறைந்த பிறகு மேல்தளத்துக்கு வந்தோம். கப்பல்காரர்கள் குழந்தைகளுக்கென்று ஆட்டம் பாட்டு வைத்திருந்தார்கள். பாஷை தெரியாத பிள்ளைகளோடு பூங்கொடி கையைக் கோத்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நாம் இருவர் மட்டும் நின்றோம். நாலு பக்கமும் தண்ணீர். ஒரு மரம், ஒரு கோபுரம், ஒரு மலை, எதுவுமே இல்லாமல் வானம் வரைக்கும் தண்ணீர். நான் பிறந்த ஊரில் மழைமேகம் திரண்டாலே வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்போம். ஒரு குடம் தண்ணீர் சேந்த அரை நாள் கிணற்றடியில் நின்றவள் நான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

உங்களுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. "கண்ணு, அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்து, குழந்தையைத் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தீர்கள். அவள் இல்லை. வாயை மூடிக்கொண்டீர்கள். கம்பியை இறுகப் பிடித்தீர்கள். அப்புறம் கடலைப் பார்த்தபடியே, "அம்மணி" என்றீர்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று நான் திரும்பிக்கூடப் பார்த்தேன்.

"எண்ணூறு அடி போர் போட்டு, சேறு வந்து, அதுக்கப்புறம் கையளவு தண்ணி வந்தா தேங்கா உடைக்கறோம். இங்க பாரு. கேக்க ஆளில்லாமக் கெடக்குது."

"ஏனுங்க, இதுக்கு அடி இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கும். ஆனா எந்த மோட்டாரும் எடுக்காது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நீங்கள் சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

என் உள்ளங்கையை எடுத்துக் கம்பியில் வைத்து அழுத்தினீர்கள். "கீழ எஞ்சின் ஓடறது தெரியுதா? பேரிங்ல ஒரு சத்தம் இல்ல பாரு" என்றீர்கள். தெரிந்தது. கப்பலின் நெஞ்சு என் கைக்குள் அடித்தது. அதற்குப் பிறகு நீங்கள் நிறுத்தவேயில்லை. கிணத்துக்கடவில் உங்கள் மாமா தோட்டத்துக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்தது, முதல் மோட்டார் எரிந்துபோய் அழுதது, எல்லாம் சொன்னீர்கள். சூரியன் தண்ணீருக்குள் இறங்கும் நேரத்தில், கல்யாணமான புதிதில் எனக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்து, எப்படிக் கொடுப்பதென்று தெரியாமல் ஆட்டுக்கல்மேல் வைத்துவிட்டுப் போனதையும் சொன்னீர்கள்.

"அது நீங்களா? அத்தை வெச்சாங்கன்னு நெனச்சு அவங்களுக்குத்தான் கால் அமுக்கி உட்டேன்" என்றேன். நீங்கள் கம்பியைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். உள்ளே மட்டும் வலித்தது. அந்தப் பூவை உங்கள் பூ என்று தெரிந்து ஒருநாளாவது வைத்திருக்கலாமே என்று இருந்தது.

தீவுக்குப் பக்கத்தில் பெரிய கப்பல் போகாது. நடுக்கடலிலேயே கப்பலின் வயிற்றுப் பக்கம் ஒரு கதவைத் திறந்து, ஆடுகிற படகில் குதிக்கச் சொன்னார்கள். படகு மேலே வரும், சட்டென்று கீழே போகும். பூங்கொடியை ஒரு கப்பல்காரர் தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் வாசலிலேயே உறைந்துவிட்டேன். நீங்கள் படகில் நின்று இரண்டு கையையும் நீட்டினீர்கள். "வா அம்மணி, நான் இருக்கறேன்" என்றீர்கள். அத்தனை டீலர்களும் அவர்கள் பெண்டாட்டிகளும் பார்க்க உங்கள் கையைப் பிடித்துக் குதித்தேன். கரை சேர்ந்த பிறகும் நீங்கள் விடவில்லை. நானும் உருவிக்கொள்ளவில்லை.

அந்தத் தீவுக் கடலின் நிறத்தை எனக்கு இன்னும் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. பச்சை என்றால் பச்சை இல்லை, நீலம் என்றால் நீலம் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்விரல் நகம் தெரிந்தது. விரலுக்கு நடுவில் மஞ்சள் மீன்கள் போயின. கடவுள் இதையெல்லாம் இங்கே ஒளித்து வைத்துவிட்டு நம்மைச் செம்மண்ணில் விட்டுவிட்டாரே என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. கேனில் மிச்சமிருந்த சிறுவாணியை மூன்று பேரும் குடித்தோம். காலிக் கேனைக் கடலில் அமுக்கினீர்கள். "அம்மா கடலைப் பாத்ததே இல்ல. கொண்டுபோய்க் காட்டோணும்" என்றீர்கள். வெளியே எடுத்ததும் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, வெறும் தண்ணீர். இடம் சரியில்லை என்று கொட்டிவிட்டு இன்னும் ஆழத்துக்குப் போய்ப் பிடித்தீர்கள். அதுவும் வெறும் தண்ணீர்தான். பம்ப்செட்டில் ஊறின மனுஷன் தண்ணீரோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து நானும் பூங்கொடியும் கரையில் விழுந்து சிரித்தோம்.

திரும்பும் ரயிலில் பாலக்காடு வரைக்கும் பேசிக்கொண்டுதான் வந்தீர்கள். வாளையார் தாண்டிக் காய்ந்த காற்று ஜன்னலில் அடித்ததும் பேச்சு குறைந்தது. மதுக்கரை மலை தெரிந்ததும் நின்றே போயிற்று. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டீர்கள். ஸ்டேஷன் நெருங்கியபோது, "கண்ணு, பையெல்லாம் எடுத்து வெக்கச் சொல்லு அம்மாகிட்ட" என்றீர்கள். பூங்கொடி உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கே புரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவுதான், கடல் கடலோடு போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு வெறுமையை அதற்கு முன்பு நான் அனுபவித்ததில்லை. பேச்சே கேட்டிராத காலத்தில் எனக்கு இந்த வலி இல்லையே.

வீட்டில் அன்றைக்கும் குழாயில் தண்ணீர் வரவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் உங்கள் தம்பி பெண்டாட்டி, சிறுவாணி மிச்சம் இருக்கிறது என்று நினைத்து இந்தக் கேனைச் சாய்த்து எல்லாருக்கும் வரக்காப்பி வைத்துவிட்டாள். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு வாசலுக்கு ஓடித் துப்பினார்கள். உங்கள் தம்பிக்குப் புரை ஏறிற்று. அந்த வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் என் தலையில்தான் வந்து நிற்கும். "ஊரு சுத்தப் போனவ என்ன கருமத்தைக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள வெச்சாளோ" என்றார்கள் அத்தை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூங்கொடி வழக்கம்போல நமக்கு நடுவில் வந்து நின்றாள். நீங்கள் எழுந்தீர்கள். குழந்தையின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, உங்கள் அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி அத்தனை பேர் முன்னாலும் என் முகத்தை நேராகப் பார்த்தீர்கள்.

"அம்மணி, அது கடல்தண்ணின்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

நானும் உங்கள் முகத்தை நேராகப் பார்த்தேன். "தூக்கிட்டு வந்தது நீங்கதானுங்க. நீங்க சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

அத்தை உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். என்ன வரப்போகிறதோ என்று நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை உதட்டை நக்கிப் பார்த்தார்கள். "கடலா இது?" என்றார்கள். கேனில் மிச்சமிருந்ததை ஒரு தாம்பாளத்தில் ஊற்றச் சொல்லி, அதில் விரலை விட்டு நெற்றியில் தொட்டுக்கொண்டார்கள். "எம்மாம் பெருசுடா இருக்குது?" என்று கேட்டார்கள்.

"எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. அம்மணியக் கேளுங்க, அவ நல்லாச் சொல்லுவா" என்றீர்கள்.

நான் சொன்னேன். சுவர் அசைந்ததிலிருந்து மஞ்சள் மீன் வரைக்கும் சொன்னேன். அத்தை தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். அந்த வீட்டில் என் குரல் அவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜூனில் பூங்கொடி ஹாஸ்டலுக்குப் போனாள். மறுநாள் காலை நீங்கள் கூடத்திலிருந்து, "அம்மணி, காப்பி" என்று நேராகக் கூப்பிட்டீர்கள். அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் நாம் பேசாத பேச்சில்லை, போடாத சண்டையுமில்லை.

போன ஆடியில் நீங்கள் போனீர்கள். காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த அன்றைக்கு நான் நம் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மருமகன் கூப்பிட்டார், கொழுந்தனார் கூப்பிட்டார். எழவில்லை. எனக்கு யாரோடும் பேச ஒன்றுமில்லை. பிறகு பூங்கொடி வந்தாள். தலையில் நரை விழுந்துவிட்டது அவளுக்கும். சின்ன வயதில் நிற்பது மாதிரியே கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அப்பா உங்களைச் சாப்பிட வரச் சொன்னாருங்க" என்றாள்.

அவள் தன் கையிலிருந்து போட்டுச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

"வாரேன்னு சொல்லு கண்ணு" என்றேன். எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.