கடைசிப் பத்து நிமிஷம்

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். கையில் மாவுக்கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். போனில் பேசினால் நீ குறுக்கே பேசி, சொல்ல வந்ததை மறக்கடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பியானோ வகுப்பை உன்னிடம் விட்டுவிட்டு மகன் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. பதினான்கு பிள்ளைகளில் ஒருவர்கூட வகுப்பை விட்டு நின்றுவிடவில்லை என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் பல் டாக்டரின் மனைவி வேறு ஒன்றும் சொன்னாள். அவள் மகள், அந்த வாயே திறக்காத பெண், வீட்டுக்குப் போனதும் தானாகப் பியானோ முன்னால் உட்காருகிறாளாம். என்னிடம் மூன்று வருடம் படித்தும் நடக்காத அதிசயம். அப்படி என்ன செய்தாய்? புத்தகத்தை மூடிவைக்கச் சொல்கிறாயாமே?

ஜூனில் அவளுக்குத் தேர்வு. ஞாபகம் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

பல் டாக்டர் மனைவி வகுப்பு முடியும்வரை செருப்பு விடும் இடத்திலேயே நிற்கிறாள். ஆள் வெளியே, காது உள்ளே. நீ சொல்லித்தானே?

ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஐம்பது நிமிஷம் உன் பாடம், உன் ஸ்கேல், உன் வரிசைப்படிதான். கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் புத்தகத்தை மூடுகிறோம். கறுப்புக் கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் எதையாவது வாசிப்பிலேயே சொல்ல வேண்டும். பாதியில் நின்றுபோன லிஃப்ட், கணக்கு டீச்சரின் நடை, எது வேண்டுமானாலும். நான் கீழே இரண்டு சுரத்தை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருப்பேன். மேலே தோன்றியதை அவர்கள் வாசிப்பார்கள்.

அந்தப் பெண் முதல் நாள் கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. "எந்த நோட்டுன்னு சொல்லுங்க மிஸ்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "நீதான் சொல்லணும்" என்றேன். அழுதுவிட்டாள். நாலாவது வகுப்பில் ஒரே ஒரு கட்டையை விடாமல் அழுத்தினாள்.

"இது யாரு?"

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்."

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இதில் என்ன தப்பு கண்டுபிடிக்கப் போகிறாய், சொல்.

உன்,
சின்னவள்

பிப்ரவரி 22

சின்னவளுக்கு,

ஃப்ரிட்ஜ்! நன்றாக இருக்கிறது. தேர்வு வைப்பவர் ஃப்ரிட்ஜுக்கு எத்தனை மதிப்பெண் போடுவார் என்று விசாரித்து வை.

எனக்கு ஒன்று பிடிபடவில்லை. எட்டு வருடம் ஹோட்டல் வரவேற்பறையில் வாசித்தவள் நீ. ஒரு குழந்தைக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. போன தடவை நான் ஊருக்குப் போனபோது ஒரு வாரம் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கே மூக்கால் அழுதாய். இப்போது எங்கிருந்து வந்தது இத்தனை அக்கறை? "தங்கச்சி மிஸ்ஸே தொடர்ந்து எடுப்பாங்களா?" என்று இரண்டு வீட்டிலிருந்து என்னையே கேட்கிறார்கள். இது அவர்களாகக் கேட்டதா, யாராவது கேட்க வைத்ததா?

பியானோவை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டாயாம். அதை நீ எழுதவில்லை. அது என் கூடம் என்பதாவது நினைவிருக்கிறதா? மனதில் ஏதாவது திட்டம் இருந்தால் நேராகச் சொல்லிவிடு. நான் திரும்பி வரும்போது பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துச் சுளிக்கும்படி செய்துவைக்காதே.

அக்கா

மார்ச் 14

அக்கா,

பியானோவை வெளிச்சத்துக்காக நகர்த்தினேன். அதற்கும் உள்ளர்த்தம் தேடுவாய் என்று தெரிந்துதான் எழுதவில்லை.

கேள்வி கேட்க உனக்கு மட்டும்தான் தெரியுமா? ஆறு வாரத்தில் கட்டுப் பிரிப்பார்கள் என்றாய். ஒன்பது வாரம் ஆகப்போகிறது. நேற்று வந்த சின்னக் குறிப்புகூட உன் மருமகள் கையெழுத்து. உன் மகனைக் கேட்டால் "அம்மா தூங்கறாங்க சித்தி" என்கிறான். காலை பதினோரு மணிக்கு! நீ என்றைக்கு அந்த நேரத்தில் தூங்கியிருக்கிறாய்? என்னிடம் எதை மறைக்கிறாய்?

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை வகுப்பு நடுவில் அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்து, "பெரிய மிஸ் வெளிய நிக்கறாங்க" என்றாள். நான் வாசலுக்கு ஓடி வருவதற்குள் ஒரு வாடகைக் கார் தெருமுனை திரும்பிவிட்டது. நீதானே? இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்தவளுக்குப் பெல் அடிக்கக் கை வரவில்லையா? ஆள் வைத்து வேவு பார்த்தது போதாதென்று நேரிலேயே வந்துவிட்டாய்.

இந்த மாதத்தோடு கிளம்புகிறேன். வேறு ஆள் பார்த்துக்கொள். சாவியைப் பல் டாக்டர் மனைவியிடம் கொடுக்கிறேன். எப்படியும் வாசலில்தானே நிற்கிறாள்.

சின்னவள்

மார்ச் 19

என் சின்னவளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது கைக்கு இன்னும் பேனா பிடிக்க வரவில்லை, இடது கையால் எழுதுகிறேன். இது மருமகளிடம் சொல்லி எழுத வைக்கக்கூடிய கடிதம் இல்லை.

வந்தது நான்தான். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தேன். அன்று மத்தியானம் டாக்டரைப் பார்த்தேன். கட்டுப் பிரித்தும் அசையாமலிருந்த மோதிர விரலும் சுண்டு விரலும் இனி மடங்காதாம். "அன்றாட வேலைக்கு ஒண்ணும் குறை வராதும்மா" என்றார். என் அன்றாட வேலை என்ன என்று அவர் கேட்கவில்லை. அங்கிருந்து நேராக நம் தெருவுக்கு வந்தேன்.

அந்தப் பெண் தேர்வுப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் தப்பான கட்டையில் விழுந்தது. என்னிடமாக இருந்தால் உடனே கையை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். நான் பழக்கியது அப்படி. நீ அதட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ தாளத்தை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தாய். அவள் அந்தத் தப்பையே வேண்டுமென்று இன்னொரு தரம் தட்டி, அதைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றிப் பாட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்புறம் சிரித்தாள். அவளுக்குத் தெற்றுப் பல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பல் டாக்டர் மகளுக்கு! மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றுபோயிற்று. இரண்டு கையும் மடிக்குப் போய்விட்டன. அதற்கப்புறம் எந்த முகத்தோடு நான் பெல் அடிப்பேன்?

நீ பிள்ளைகளைப் பறித்துக்கொள்வாய் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொல்லப்போவதை நினைப்பதைவிட உன்மேல் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. கையைப் பற்றிக் கேட்டுவிடுவாய் என்றுதான் போனில் நான் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். உனக்கு எழுதிய எல்லாவற்றுக்கும் வெட்கப்படுகிறேன். பல் டாக்டர் மனைவியிடம் பேசிவிட்டேன். இனி வாசலில் நிற்க மாட்டாள்.

பெட்டி கட்டாதே. வகுப்பு உன்னுடையது. பியானோ அங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தேர்வுப் பாடங்களைக் கேட்டுத் திருத்துவதை மட்டும் விட்டுத்தர மாட்டேன், அதற்கு விரல் வேண்டாம். அந்தப் பெண் வரும் நாளில் மட்டும் நான் அடுத்த அறையில் இருந்துகொள்கிறேன். நான் வீட்டில் இருப்பதை அவளிடம் மறைக்காதே. அவளாகக் கூப்பிட்டால் வருகிறேன்.

உன் அக்கா