சாவி கொடுத்தால் நடக்கும் வாத்து

சமையலறைச் சக்கரவர்த்தினிக்கு, வயர்களின் மாமன்னன் எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நிறைமாத மகள் நன்றாகத் தூங்குகிறாளா?

இந்தக் கண்காட்சிக் கூடத்தில் மலையளவு திரை வைத்திருக்கிறார்கள். எதிரே நிற்பவரைக் கேமரா பிடித்ததும், என் ப்ரோக்ராம் அந்த நொடியே அவரை வண்ணப் புள்ளிகளாக்கித் திரையில் ஆடவிட வேண்டும். நேற்று நாள் முழுக்க என் உருவம் அதில் ஜொலித்தது. உலகை வென்ற மிதப்பில் மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுக் கேமரா முன் நின்று கையை ஆட்டினார். திரையில் நான்தான் இருந்தேன்.

"பெரியவரே, இது லைவ் இல்ல. படம் காலையிலயே நின்னு போச்சு. உங்களுக்குத் தெரியலயா?"

"நான் அசையவே இல்லையே, தம்பி."

அவர் சிரித்ததில் கூரை பெயர்ந்து நிலாவில் ஒட்டிக்கொண்டது. பிறகு கேபிளை மாற்றினேன், கேமராவை மாற்றினேன், ப்ரோக்ராமைப் பிரித்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் முதல் படத்தோடு நின்றுவிடுகிறது. இது சரியாகாமல் லீவு கிடையாதாம். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. பிரசவத்துக்கு அப்பா வருவார் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

ஓர் உதவி. பரண்மேல் அவள் சின்ன வயதில் விளையாடிய சாவி வாத்து இருக்கும், அதை அனுப்பு. கேமரா முன் நடக்கவிட்டால் படம் நிற்பது உடனே தெரியும். நான் ப்ரோக்ராமோடு மல்லுக்கட்டும்போது இங்கே அசைய வேறு யாருமில்லை.

வேண்டாம், அனுப்பாதே. துடைத்து எண்ணெய் விட்டு வை. பிறக்கப்போகும் துரைக்கு யாராவது நடந்து காட்ட வேண்டுமே.

மேனேஜர் வருகிறார். நிறுத்துகிறேன்.