காதுக்குப் பின்னால் இருந்த சிவப்பு

27 ஏப்ரல் 1984
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அர்கிரோவுக்கு,

உன் கணவன் லினார்தோஸ் எழுதுவது. நலம் விசாரித்து நான்கு வரி எழுதினேன்; படித்தபோது எனக்கே எரிச்சலாக இருந்தது, கிழித்துப் போட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகத்தில் நான் காவல் காக்கும் நம் சீமாட்டிச் சிலையின் தலைமுடியில் இருந்த சிவப்பு போய்விட்டது. பாவாடை மடிப்பில் இருந்த நீலமும் போய்விட்டது. தேய்த்துக் கழுவிவிட்டார்கள். மே பதினேழாம் தேதி மியூனிக்கில் அத்தனை பேராசிரியர்கள் முன்னால் எழுந்து நின்று, ஆர்ட்டெமிஸ் தேவியின் சிலைக்கு வண்ணம் பூசப்பட்டிருந்தது என்று நீ எதை வைத்துச் சொல்லப் போகிறாயோ அது இனி கல்லில் இல்லை. செப்டம்பரில் அவர்கள் விளக்கும் கருவியும் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாலும் பார்க்க ஒன்றும் கிடைக்காது.

இதைத் தந்தியில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தபால் நிலையத்துத் தொலைபேசியில் சொன்னால் வரிசையில் நிற்கும் ஊரே கேட்கும். அதனால்தான் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். துறைமுகத்தில் சீமாட்டிக்கு ஒரு பிரதி நிறுத்தப் போகிறார்கள் என்று நீ இருக்கும்போதே பேச்சு இருந்ததல்லவா, கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஏதென்ஸிலிருந்து வர்தாலிஸ் என்று ஒரு சிற்பி. மூல விக்கிரகத்தைப் பார்க்க அவர் ஒரு தடவைகூட நம் அருங்காட்சியகத்தின் படி ஏறவில்லை. ஏதோ அயல்நாட்டுப் படப் புத்தகத்தைப் பார்த்துச் செதுக்கினாராம். பால் வெள்ளை, வழவழப்பு, குளியலறைத் தொட்டி மாதிரி ஒரு பளபளப்பு. உதட்டில் ஒரு அசட்டுச் சிரிப்பு வேறு. நம் சீமாட்டி யாரையும் பார்த்துச் சிரித்தவள் இல்லை.

நீ சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் படங்கள் நினைவுக்கு வந்தன. வியன்னாவில் கல்லறைமேல் நிற்கும் தேவதை, திரியெஸ்தேயில் நீரூற்றுப் பெண், எந்த ஊரிலோ வங்கி வாசலைக் காக்கும் இரட்டையர், அப்புறம் அந்தச் சோப்பு உறை. எல்லாருக்கும் அதே கழுத்துச் சாய்வு, அதே கை பாவாடையை லேசாகத் தூக்கிப் பிடித்திருக்கும். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டான் வந்து இவள்மேல் ஈரச் சுண்ணத்தை அப்பி அச்செடுத்துப் போனான். முன்பக்கத்து வண்ணமெல்லாம் அந்த அச்சோடு உரிந்து போனது. காதுக்குப் பின்னாலும் மடிப்புக்குள்ளும் மட்டும் மிஞ்சியது. அந்த வெள்ளை அச்சைப் பார்த்துத்தான் ஐரோப்பா முழுக்கச் செதுக்கினார்கள். அம்மாவைப் பார்க்காமலே பிள்ளைகள் பிறந்துவிட்டன என்று நீ சொல்லிச் சிரிப்பாய். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்து அம்மாவின் முகத்தைக் கழுவிவிட்டன.

பிரதியின் திறப்பு விழா ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை என்று ஊர்த் தலைவர் கவலாரிஸ் நாள் குறித்தார். அன்றைக்கே விருந்தினர்கள் மேலே வந்து மூலத்தையும் பார்ப்பார்கள் என்றார். புனித வாரத்தின் திங்கட்கிழமை அவர் வந்து சீமாட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோழி வாங்க வந்தவர் மாதிரி பார்த்தார். “என்னய்யா லினார்தோஸ், இவ மூஞ்சி இப்படி இருக்கு? கீழ இருக்கிறவ பளிச்சுன்னு இருக்கா. வர்றவன் எது ஒரிஜினல்னு நம்புவான்?” என்றார். அது அழுக்கு இல்லை, வண்ணம் என்று சொன்னேன். உன் ஆராய்ச்சியையும் சொன்னேன். “உன் பொண்டாட்டி படிச்சவ, சரி. துருவுக்கும் சாயத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?” என்று போய்விட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெரிய வியாழன் காலையில் என் அக்கா பொலிக்செனி வந்தாள். கோவிலைக் கழுவுகிற பெண்கள் கூட்டத்துக்கு இந்த வருடமும் அவள்தான் தலைவி என்று உனக்குத் தெரியும். கோவில் விளக்குகளையும் தூபக் கலசங்களையும் தேய்க்க இடம் போதவில்லை, அருங்காட்சியகத்து முற்றத்தில் குழாய் இருக்கிறது, சாவியைக் கொடு என்றாள். வருடா வருடம் கொடுப்பதுதானே, கொடுத்தேன். எனக்குப் பண்டிகைக்கு ஆட்டுக்குட்டி வாங்கும் விஷயமாக மேட்டுத்தெரு வரைக்கும் போக வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது பெண்கள் முற்றத்தில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் லேசான சிவப்பாகச் சாக்கடையில் ஓடியது. அவர்கள் விரல்களும் சிவப்பு. அர்கிரோ, அது பெரிய வியாழன். அன்றைக்கு இந்தத் தீவில் எந்தப் பெண்ணின் விரல் சிவப்பாக இருக்காது? எல்லா வீட்டிலும் ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடுகிறார்கள். நானும் முட்டைச் சாயம் என்றே நினைத்தேன். நினைத்தது மட்டுமா, கிண்டல் வேறு பண்ணினேன். “அக்கா, எத்தனை முட்டை? ஊருக்கே அவிச்சுட்டியா?” என்று கேட்டேன். அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். சீமாட்டியை ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். துக்க நாட்களில் கோவிலில் படங்களை மூடுவதில்லையா, அதுபோல மரியாதைக்கு மூடியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி வீட்டுக்கு வந்துவிட்டேன். துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஐந்து நாள் விடுமுறை.

செவ்வாய்க்கிழமை எல்லார் முன்னாலும் கவலாரிஸ் அந்தத் துணியை இழுத்தார். அவள் உரித்த கோழி மாதிரி நின்றாள். கூந்தல் சுருள்களின் விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தது. மூக்கில் கம்பிக் கீறல். கைதட்டினார்கள். அந்தச் சிற்பி வர்தாலிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “இப்பத்தான் இவ கிரேக்கக்காரி மாதிரி இருக்கா” என்றார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாக அவள் வேறு யாராக இருந்தாளாம்? கவலாரிஸ் பல்லைக் காட்டிக்கொண்டு, “கீழ உள்ளதும் மேல உள்ளதும் இப்ப ஒண்ணுபோல இருக்கு” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு ஆளுக்காவது உறுத்தவில்லை. நான் வெளியே போய்ச் சுவரோரமாக வாந்தி எடுத்தேன். நோன்பு முடிந்து ஆட்டுக்கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர் தீர்மானித்துவிட்டது. யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் பொலிக்செனி வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவள் கொஞ்சமும் பயப்படவில்லை. தலைவர் வந்து கேட்டுக்கொண்டாராம், சீமாட்டிக்கும் பண்டிகை வேண்டாமா என்றாராம். சாம்பல் தண்ணீர், எலுமிச்சை, கொப்பரை தேய்க்கும் கம்பிச் சுருள், இவ்வளவும் போட்டிருக்கிறார்கள். “காதுக்குப் பின்னாடிதாண்டா ரொம்ப அழுக்கு. புள்ளைங்களுக்கும் அங்கதானே சேரும். அழுத்தித் தேய்ச்சேன், முழங்கை வலிக்கிற வரைக்கும்” என்று பெருமையாகச் சொன்னாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. “பூசுறதுக்கு அவ என்ன நாடகக்காரியா?” என்றாள். உன் பேராசிரியர்களும் இதையேதான் கேட்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். பெரிய படிப்பும் கம்பிச் சுருளும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. அப்புறம் அவள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக் கண்ணில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. இது முட்டையா அவளா என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். நான் கிளம்பும்போது கதவு வரைக்கும்கூட வரவில்லை.

உன் அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். மழைநீர்த் தொட்டி பாதிக்குமேல் இருக்கிறது, இந்தக் கோடைக்குக் கவலை இல்லை. சமையலறைப் படங்களில் அந்தச் சோப்பு உறையை மட்டும் நான் கிழித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். செப்டம்பர் வேலைக்கு அனுமதி கேட்டு நீ எழுதினாயே, அதற்காகச் சிலையின் நிலைமையை எழுதி அனுப்பும்படி தொல்பொருள் அலுவலகம் கேட்டிருக்கிறது. நேற்றுக் கவலாரிஸ் தட்டச்சு செய்த ஒரு தாளோடு வந்தார். சிலையில் எக்காலத்திலும் வண்ணம் இருந்ததில்லை, விளக்குப் புகையும் தூசியும் மட்டுமே துடைக்கப்பட்டன, காவலரான நான் பதினோரு வருடமாகப் பார்த்து வருவதால் இதற்குச் சாட்சி. இதுதான் வாசகம். கீழே என் பெயருக்குக் கோடு போட்டிருந்தது. “கையெழுத்துப் போடு. போடலேன்னா உன் அக்காவத்தான் கோர்ட்டுல ஏத்துவாங்க. அறுபது வயசுல அவளுக்கு இது தேவையா? உன் பொண்டாட்டிக்கு என்ன, அடுத்த தீவுல வேற பொம்மை கிடைக்கும்” என்றார். எனக்குக் காப்பி வேறு வாங்கிக் கொடுத்தார். அந்தக் காப்பியைக் குடித்தேன் என்பதுதான் இப்போதும் நாக்கில் கசக்கிறது.

ஒரு ராத்திரி யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பேனாவை எடுத்து முதல் எழுத்தைப் போட்டும் விட்டேன். அப்போது நீ போன வருடம் ஏணிமேல் உட்கார்ந்து, பூதக் கண்ணாடியும் கையுமாக, அந்தக் காதுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுவதற்காக என்னை ஏறி வரச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏணி இரண்டு பேரைத் தாங்காது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, நம் கல்யாணத்தன்றுகூட. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் நீ பொய் சொல்கிறாய் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும்.

கவலாரிஸின் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு தாளில் என் கையால் எழுதி இன்று காலையே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தலைவர் துப்புரவு செய்யச் சொன்னார், சாவியைக் கொடுத்தவன் நான், கவனிக்காமல் விட்டவன் நான், தேய்த்தவர்கள் என் பொறுப்பில் இருந்தவர்கள், அவர்கள் பெயர் கேட்டால் சொல்ல மாட்டேன் என்று எழுதினேன். வேலை போகும். போகட்டும். வழக்கு வந்தால் என்மேல் வரட்டும். அதோடு நான் பார்த்ததையும் எழுதினேன். கூந்தலில் இருந்தது காய்ந்த மாதுளைத் தோலின் சிவப்பு. இடது காதுக்குப் பின்னால் நான்கு சுருளில் அது முழுதாக இருந்தது. பாவாடையில் மூன்றாவது மடிப்புக்குள் நீலம், விரல் நீளத்துக்கு. பதினோரு வருடம் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் சொல்வது இது என்று எழுதினேன். நகல் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். அளவு எங்காவது தப்பாக இருந்தால் நீ திருத்து.

பதினேழாம் தேதி நீ எழுந்து பேசும்போது அந்த நகலைப் படி. புகைப்படத்தை அவர்கள் நம்ப மாட்டார்கள்; கண்ணால் கண்டவன் யார் என்று கேட்பார்கள். ஒரு காவலன் என்று சொல். அதைக் காக்கத் தெரியாத காவலன் என்பதையும் சேர்த்தே சொல், அப்போதுதான் நம்புவார்கள். அவன் உனக்கு யார் என்று யாராவது கேட்டால், சொல்லக் கூசினால் சொல்ல வேண்டாம்.

குளிரில் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு நடக்காதே. கடவுள் உன் நாவில் நிற்கட்டும்.

என்றும் உன்,
லினார்தோஸ்