ஓர் அறைக்கு ஓர் எண்

செப்டம்பர் 9

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அம்மாவின் புதுப் புருஷன் ரே பார்த்தால் பிடுங்கிப் படிப்பார். சாப்பிடும்போது சத்தமாகச் சொல்லிச் சிரிப்பார்.

பள்ளியில் பாட எண்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். இனி மாநில அரசு கொடுத்த எண்தான். இந்தச் சோளக்காட்டு மூலைக்குக் கணக்கு வாத்தியார் ஹ்ரூஷ்கா சார் ஒருவர்தான். ஒரே அறை, ஒரே நேரம், இரண்டு பாடம். ஜன்னல் பக்கம் நாங்கள் நான்கு பேர், அல்ஜீப்ரா. சுவர்ப் பக்கம் டெலியாவும் மற்றவர்களும், அடிப்படைக் கணக்கு. முன்பு தனித்தனி எண். மாநிலத்தின் கம்ப்யூட்டரோ ஓர் அறைக்கு ஓர் எண்தான் ஏற்கிறதாம். அதனால் எல்லோருக்குமே அடிப்படைக் கணக்கு என்று பதிந்து அனுப்பிவிட்டார்கள்.

நான் சேர நினைக்கும் நர்சிங் கல்லூரியில் அல்ஜீப்ரா கேட்பார்கள்.

செப்டம்பர் 10

"வாங்க மகாராணி, இப்ப நீயும் எங்க கூட்டந்தான்" என்றாள் டெலியா. சிரித்துக்கொண்டே பாதி சாண்ட்விச்சை என் பக்கம் தள்ளினாள்.

செப்டம்பர் 16

ரேவுக்குத் தெரிந்துவிட்டது. "காலேஜ் இல்லன்னா ஜூன்லயே எங்க ஆலைக்கு வந்துடு. பன்னி வெட்டக் கணக்கு எதுக்குடி?" பாதி போன கட்டைவிரலை என் தட்டுக்கு மேல் நீட்டி ஆட்டினார். அம்மா தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 20

பள்ளி ஆபீஸில் இந்த எண்களைப் பதிகிற வாஸ்லர் மேடத்திடம் அழுதேன்.

"எண்ணை மாத்தினா ரூம் முழுக்க மாறும்மா. சுவர்ப் பக்கத்துப் பிள்ளைங்களும் அல்ஜீப்ரா பரீட்சை எழுதணும். தேறலன்னா பள்ளிக்கூடமே முடிச்சதா ஆகாது. உனக்குப் பரவாயில்லையா?"

ஏன் என்னைக் கேட்டார்?

பரவாயில்லை என்றேன். உடனே சொன்னேன்.

அக்டோபர் 2

மாற்றிவிட்டார்கள். அறை முழுக்க இனி அல்ஜீப்ராதான். "எவளோ போய்ப் பத்த வெச்சிருக்கா. கையில கெடைக்கட்டும், மண்டைய ஒடைக்கிறேன்" - என்னிடமே சொல்கிறாள் டெலியா. தெரியாது அவளுக்கு. தெரியுமோ?

ஜனவரி 14

"எனக்குக் கொஞ்சம் சொல்லித் தாயேன்டி" என்று மறுபடி கேட்டாள் டெலியா. நேரமில்லை என்றேன். அவள் எதிரே உட்கார்ந்தால் உளறிவிடுவேன் - பயம். வேறென்ன.

மே 23

பள்ளி முடித்தவர்களுக்குப் பட்டமளிப்பு. சுவர்ப் பக்கத்தில் ஒருவரும் தேறவில்லை. ஹ்ரூஷ்கா சார் எனக்குக் கை கொடுக்கவில்லை.

ஜூன் 12

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ரே ஆலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றியபடியே சொன்னார்: "அந்த டெலியா பன்னி வெட்டுற என் லைன்லதான் நிக்கிறா. மொத நாளே கைய அறுத்துக்கிட்டா, மக்கு. உன் சிநேகிதிதானே?"

"இல்ல. ஒரே ரூம்ல படிச்சோம், அவ்ளோதான்."