மூடி வைத்த மங்கு

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குளுவாங் மார்க்கெட் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர். கிளினிக்குக்கு லீவு போட்டிருக்கலாம்.

வேலை: சனிக்கிழமைப் படத்துக்குத் தமிழ் வசனம் முடிக்க. மைக் பேட்டரி. அப்பாவுக்கு மூட்டுத் தைலம்.

பழைய ஜப்பானியப் படம், கறுப்பு வெள்ளை. கணவன் போருக்குப் போயிருக்கிறான். மனைவி தினமும் அவனுக்கும் ஒரு மங்கில் சோறு போட்டு மூடி வைக்கிறாள். மூடியின் உட்புறம் வேர்த்திருந்தால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பிக்கை. ஒரு சிறுகதையிலிருந்து எடுத்தது. கதையையும் தேடிப் படித்தேன். அதில் கடைசியில் திறக்கிறாள், மூடி காய்ந்திருக்கிறது. படத்தில் திறப்பதே இல்லை. மூடிமேல் கை, அவ்வளவுதான். எனக்கு இதுதான் அதிகம் வலித்தது.

நவம்பர் 5, புதன்

வெயில். சூசை அண்ணன் கிளினிக்குக்கே வந்துவிட்டார், பிரஷர் பார்க்கிற சாக்கில். மாதா கோயில் மண்டபம் அவர் பொறுப்பு. அங்கேதான் மாதம் ஒரு படம் போட்டு, பக்கத்தில் நின்று வசனத்தைத் தமிழில் வாசிப்பேன். முடிந்ததும் மூலக்கதையும் சொல்வேன். இத்தனை நாள் ஒன்றும் சொல்லாதவர், ஜப்பான் என்றதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

"உங்க தாத்தாவ சயாம் ரயிலுக்கு இழுத்துட்டுப் போனவனுங்க படத்தயா போடப்போற? உங்கப்பா மூஞ்சில எப்படி முழிப்ப?"

மண்டபம் கிடையாதாம். அவருக்கு பிரஷர் சரியாகவே இருந்தது. எனக்குத்தான் ஏறியிருக்கும்.

நவம்பர் 6, வியாழன்

மண்டபம் இல்லாவிட்டால் என்ன. எங்கள் வீட்டு ஹால், வெள்ளைப் போர்வை, என் புரொஜக்டர். வாட்சப் குழுவில் போட்டாயிற்று: சனி நாலு மணி, நாற்காலி கொண்டுவரவும்.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. சயாமில் தண்டவாளம் போட ஜப்பான் பட்டாளம் தாத்தாவைக் கொண்டுபோனபோது அப்பாவுக்கு மூன்று வயது. தாத்தா திரும்பவில்லை, செத்ததாகச் சேதியும் இல்லை. அப்பா வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டிவரும். பயம்தான், வேறென்ன. ஆனால் இழுத்துப் போனது பட்டாளம். மங்கில் சோறு வைத்து மூடியவள் இவள். இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னால் முடியாது. சூசை அண்ணன் என்ன, யார் வந்து சொன்னாலும் முடியாது.

நவம்பர் 8, சனி

மேகமூட்டம், நல்லது, ஹால் இருட்டாக இருந்தது. பதினோரு பேர். சூசை அண்ணன் மனைவியும், சொந்த நாற்காலியோடு. "அவரு கெடக்குறாரு, நீ போடுலா" என்றார்.

படம் போடும் நேரத்தில் அப்பா அறையிலிருந்து வந்து முன்னால் உட்கார்ந்தார். வாட்சப் குழுவில் அவரும் இருக்கிறார். மறந்தே போனேன். வாசிக்கும்போது இரண்டு வரியைத் தவறவிட்டேன்.

கடைசிக் காட்சி. வசனம் இல்லை. மூடிமேல் அவள் கை.

"தொறக்காதம்மா," என்றார் அப்பா, திரையைப் பார்த்து.

விளக்குப் போட்டதும் என்னிடம் திரும்பினார். "கதையில தொறந்துட்டாளா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "இல்லப்பா. அதுலயும் தொறக்கல."

எழுதியவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.