வினையூக்கி போடாத பாத்திரம்

வியாழன் இரவு, செவன் கிங்ஸ்

மரத்தூள் செலுலோஸிலயிருந்து எனக்குக் கிடைச்ச சோர்பிட்டோல் எண்ட இனிப்புப் பொருள் என்ரை வினையூக்கியாலை வந்ததோ, இல்லாட்டி எவ்வளவு கழுவினாலும் உருக்குப் பாத்திரத்திலை ஒட்டியிருக்கிற, முந்தின சோதனையளின்ரை உலோகத்தாலை வந்ததோ எண்டு புரொபெசர் போன கிழமை கேட்டவர். அண்டையிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை.

இண்டைக்கு அதே பாத்திரத்திலை வினையூக்கி போடாமல் செய்து பாத்தன். அளக்கிற மெசினின்ரை திரையிலை சோர்பிட்டோலைக் காட்டுற பீக் ஒண்டும் எழும்பேல்லை, கோடு நேராய்ப் போச்சுது. அப்ப எல்லாம் என்ரை வினையூக்கி செய்த வேலைதான்! துள்ளிக்கொண்டு வீட்டை வந்தன்.

"என்ன வந்தது?" எண்டு இவர் கேட்டார்.

"ஒண்டும் வரேல்லை!"

பாவம், மனுசன்ரை முகம் வாடிப்போச்சுது. "பரவாயில்லையப்பா, அடுத்தமுறை வரும்" எண்டு தேத்தண்ணி ஊத்தித் தந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை.

நாளைக்கு இன்னொருக்கால் செய்யவேணும். மாதாவே, நாளைக்கும் ஒண்டும் வரக்கூடாது.