மூடி போட்டனியோ?

தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்ததும் முதலில் வந்தது அந்த வாசனைதான். பழைய பெட்ரோல், கிரீஸ், குளிர்காலம் முழுக்க வெளியேற வழியில்லாமல் கிடந்த உப்பு ஈரம். "இதுதான் மச்சான் எங்கட சம்மர் வாசம்" என்று வருடா வருடம் நீ மூக்கை நீட்டி இழுப்பாய். இந்த வருடம் என் பொயிண்ட் குக் வீட்டு கராஜில் நம் ஜெட் ஸ்கிக்கு, அந்தக் கடல் ஸ்கூட்டருக்கு, முன்னால் நான் மட்டும்தான் நின்றேன். கயிற்றில் நீ போட்டிருந்த முடிச்சுகள் விரல் நகத்தைப் பெயர்த்துவிட்டன. உன்னைத் திட்டிக்கொண்டே அவிழ்த்தேன். திட்டு வாங்க ஆள் இல்லை என்பது பாதியில்தான் உறைத்தது.

இங்கே குளிர் தொடங்கும் மே மாதம் அதை மூடிக் கட்டியவன் நீ. ஜூலையில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எதைத் தொட்டாலும் அலுப்பு. காலை ரயில், மாலை ரயில், வார இறுதியில் புல் வெட்டுவது, எல்லாமே வேறு யாருடைய வீட்டு வேலையோ போல இருக்கிறது. இருவரும் சேர்ந்து வாங்கிய வண்டிதான். ஆனால் அதைத் தொட எனக்கு மனமே இல்லை.

தொட வைத்தது உன் மனைவி. செப்டம்பரில் ஒரு நாள் போன் செய்தாள்.

"அண்ணா, அதை வித்துப்போடுங்கோ. அது உங்கட கராஜில நிக்கிற வரைக்கும், பின்னேரமானா இவர் கடலுக்குப் போட்டு வந்துகொண்டிருக்கிறார் எண்டுதான் மனம் நினைக்குது. சோத்தைப் போட்டு மூடி வச்சிட்டு வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"சரிம்மா" என்றேன். வாங்குவதற்கு ஓர் இளைஞன் கிடைத்தான். தண்ணீரில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் எடுப்பேன் என்றான். சனிக்கிழமை வெரிபீ தெற்கில், படகு இறக்கும் ராம்ப்பில் சந்திப்பதாகப் பேச்சு. அன்றைக்கு அது ஒழுங்காக ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் இன்னொரு குளிர்காலம் இங்கேயே கிடக்கும், அவளும் இன்னொரு வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அதனால் வேலையில் இறங்கினேன். இருக்கையைத் தூக்கினால் உள்ளே சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பேட்டரியை நீ மே மாதமே கழற்றி, துணி துவைக்கும் அறையில் சார்ஜரில் போட்டிருந்தாய். அதைத் துடைத்துப் பொருத்தினேன். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன். முன்பெட்டியில் நீ தலை துவட்டும் நீலத் துவாய் நாலாக மடித்தபடி இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். எஞ்சின் சூடேறாமல் இருக்கத் தோட்டத்துக் குழாயை மாட்டும்போது உன் மந்திரம் வாயில் தானாக வந்தது: "முதல் எஞ்சின், பிறகு தண்ணி. நிப்பாட்டேக்க முதல் தண்ணி, பிறகு எஞ்சின்." மாற்றிச் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிடும். மாற்றிச் செய்யவில்லை. இரண்டாவது முயற்சியிலேயே உறுமியது. பக்கத்து வீட்டு நாய் அதைவிடப் பெரிதாக உறுமியது.

எல்லாம் முடிந்து பின்பக்கம் குனிந்தபோதுதான் கவனித்தேன். அடியில் தண்ணீர் வடிவதற்கு இருக்கும் இரண்டு ஓட்டைகளும் திறந்து கிடந்தன. மூடிகளைக் காணோம். தேடவில்லை. எங்கே இருக்கும் என்று தெரியும்.

முதல் வருடம் நாம் செய்த கூத்தை மறக்க முடியுமா? புது வண்டி, பூஜை போடாமல் இறக்கக் கூடாது என்று நான்தான் ஆரம்பித்தேன். குங்குமம் வைத்தோம். கற்பூரம் எடுத்தபோது, "பெட்ரோலுக்குப் பக்கத்தில கற்பூரமோ? விசரே உனக்கு?" என்று பிடுங்கிக்கொண்டாய். நான் எலுமிச்சம்பழம் என்க, நீ தேசிக்காய் என்க, ஒருவழியாக ட்ரெய்லர் சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்து நசுக்கினோம். பின்னால் மூன்று படகுக்காரர்கள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாமிக்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மூடி இரண்டையும் மட்டும் போடவில்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் பின்பக்கம் கனத்துக் கீழே போனது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைத் தாங்கிப் பிடித்தபடி, "மச்சான், தாண்டு போகுதடா!" என்று நீ கத்தினாய். கத்திக்கொண்டே சிரித்தாய்.

அன்று மாலையே நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். இனிக் குளிர்காலம் முழுக்க மூடிகள் உன் வீட்டுச் சாமித்தட்டில் இருக்கும். "தேசிக்காய் எடுக்கப் போகேக்க இதையும் சேத்து எடுப்பம். சாமியை மறக்கிற ஆக்கள் இல்லைத்தானே நாங்கள்." அதோடு ராம்ப்பில் ஒவ்வொரு முறையும் கேட்பாய்: "மூடி போட்டனியோ?" போட்டேன் என்றால், "திருப்பி ஒருக்காப் பார்." எனக்கு எரிச்சலாக வரும்.

நீ பயப்பட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். நீயும் அவளும் இந்த நாட்டுக்கு ஒரு மீன்பிடிப் படகில், கால் நீட்ட இடமில்லாமல், அடியில் ஊறிய தண்ணீரை முறை வைத்து இறைத்துக்கொண்டு வந்தவர்கள். அதைப் பற்றி நீ அதிகம் பேசியதில்லை. அப்படிப்பட்டவன் எதற்கு ஜெட் ஸ்கி வாங்கினான் என்று நம் நண்பர்கள் உன் முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள். என்னிடம் ஒருமுறை சொன்னாய்: "ஒருக்காவாவது கடலுக்குப் போட்டு, அண்டைக்கே வீட்டை வந்து சோறு தின்னவேணும் மச்சான்." அதற்குப் பிறகு நான் யாரிடமும் அதைக் கிண்டல் செய்ததில்லை. அவள் மட்டும் கடைசிவரை கடற்கரைப் பக்கம் வரவில்லை. சோறு போட்டு வைத்துக் காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை உன் வீட்டுக்குப் போனேன். சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள். அவற்றின்மேல் அன்று பறித்த செவ்வரத்தம் பூ ஒன்று. எனக்குக் கை போகவில்லை.

"இருக்கட்டும்மா. கடையில புதுசு கிடைக்கும், வாங்கிக்கிறேன்."

"ஏன் அண்ணா? அதுக்குரிய சாமான் அதோட போகட்டும்" என்றாள். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூடிகளையும் இரண்டு தேசிக்காயையும் என் கையில் வைத்தாள். "விளக்கு வைக்கேக்க ஒவ்வொருநாளும் பூ வச்சனான். மூடி எண்டு தெரியும். வேற எதுக்கு வைக்கிறது?"

சனிக்கிழமை காற்றில்லாத நல்ல காலை. இளைஞன் தன் மனைவியோடு வந்திருந்தான். பழங்களைச் சக்கரத்தடியில் வைத்தேன். விளக்கம் கேட்டான். சொன்னேன். சரி, நல்லதுதான் என்று தலையாட்டினான். காரில் ஏறி, பின்னால் எடுக்க கியர் போட்டேன். பழங்கள் நசுங்கின. சக்கரம் தண்ணீரைத் தொடப்போகும் நேரம் போன் அடித்தது.

"அண்ணா, மூடி போட்டனீங்களோ?"

என் இடது கை சட்டைப் பைக்குப் போனது. இரண்டும் அங்கேதான் இருந்தன. பழத்தை எடுத்த கை, மூடியை விட்டுவிட்டது. இத்தனை வருடம் கழித்து அதே ராம்ப்பில் அதே பிழை. கை பிரேக்கைப் போட்டு இறங்கி, பின்னால் போய்க் குனிந்தேன். கண் மறைத்ததால் மரை பிடிக்கச் சிரமமாக இருந்தது. இரண்டையும் இறுக்கித் திருகினேன்.

"போட்டாச்சும்மா."

"திருப்பி ஒருக்காப் பாருங்கோ."

திருப்பிப் பார்த்தேன்.

நன்றாக ஓடியது. அந்தப் பையன் வளைகுடாவில் பெரிய வட்டம் ஒன்று போட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். அங்கேயே பேசி முடித்தோம். அன்று மாலை உன் வீட்டில் உன் மனைவி எனக்குச் சோறு போட்டாள். அவளும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள். வாசலைப் பார்க்கவில்லை.

கராஜ் இப்போது காலி. தரையில் ஒரு எண்ணெய்க் கறையும் கொடியில் உன் நீலத் துவாயும் இருக்கின்றன. வாசனையும் போய்க்கொண்டிருக்கிறது. அலுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்று காலை என் மனைவி வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்றுகொண்டு என்னையறியாமல் கேட்டேன்: "மூடி போட்டனியோ?" உன் ஊர்ப் பேச்சில், உன் இழுவையில். அவள் கையில் கார் சாவியைத் தவிர வேறொன்றும் இல்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"போட்டேங்க" என்றாள்.